ஒரு விரல் நீளப் பருத்தி நூல்

அறுந்து போகாத பட்டை

பேரையூருக்கு மேற்கே நடந்த ஒரு குதிரைவண்டிப் பந்தயத்தில் என் மகன் அன்வரின் வண்டி கவிழ்ந்தது. நான் வண்டிகள் தொட்டுத் திரும்பும் எல்கைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குதிரையை வண்டியோடு பிணைக்கும் வயிற்றுப் பட்டை நான் தைத்தது. வண்டி கவிழும்போது அந்தப் பட்டை அறுந்திருக்க வேண்டும். அப்படி அறுவதற்கென்றே அதில் ஓரிடம் உண்டு. அறுந்திருந்தால் குதிரை தனியே ஓடியிருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே சரிந்திருக்கும். அன்வர் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து வந்திருப்பான்.

பட்டை அறவில்லை. மிரண்ட குதிரை, கவிழ்ந்த வண்டியையும் அதன் சட்டத்தில் கால் மாட்டிக்கொண்ட அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது.

நாலைந்து பேர் குறுக்கே பாய்ந்து குதிரையைப் பிடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய வலது கால் பார்க்கிற நிலையில் இல்லை. அவன் மயங்கவில்லை. என்னைப் பார்த்து, "அத்தா, அந்துரும்னு நெனச்சேன்" என்றான்.

வண்டியைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "பாய் தச்சதப் பாத்தியா மாப்ள? அம்புட்டு இழுவைக்கும் ஒரு நூலு பிரியல." பாராட்டாகத்தான் சொன்னார். நான் மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

அது ஏன் பிரியவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சேணம் தைக்கிற தம்பிகளுக்காகவும் பந்தய வண்டியில் ஏறுகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி அவர்கள் நல்லபடியாக நினைக்க வேண்டும் என்று எழுதவில்லை.

கச்சாத் தையல்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை. என் அத்தா ஜட்கா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைத்தவர். எங்கள் வீடுகளில் தகப்பனாரை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் படிக்க வைத்தார். கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையும் கிடைத்தது. ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை பந்தய வண்டி ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கரும்பலகைக்கு முன் நின்றால் கை லகானைத் தேடும். கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டேன். திருவிழாக் காலத்தில் பந்தயம், மற்ற நாளில் தையல் என்று ஆனது. குதிரைக்காரர்கள் வராத மாதங்களில் பைக் சீட்டு கவரும் லாரித் தார்ப்பாயும் தைப்போம். இப்போதும் அப்படித்தான்.

வண்டியிலிருந்து முன்னே நீளும் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே குதிரை நிற்கும். முதுகில் சேணம், மார்பில் இழுவை வார். ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளாதபடி குதிரையின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டுவது வயிற்றுப் பட்டை. எருமைத் தோலை இரண்டாக மடித்து, மெழுகேற்றிய நைலான் நூலில் தைப்போம். காளவாசலில் தார்ப்பாய்க் கடைகளில் அந்த நூல் கிடைக்கும். யானை இழுத்தாலும் அறாது. ஆனால் இடது பக்கம், பக்கிளுக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் நைலான் போடாமல் பருத்தி நூல் போடுவோம். அதற்குக் கச்சாத் தையல் என்று பெயர். தோல் மடிப்புக்கு உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. அதன் மேலும் கறுப்பு மெழுகுதான்.

பந்தயத்தில் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் ஏறினால் புதியவன் குதித்துவிடுவான். குதித்தால் பின்னால் வரும் வண்டியில் மாட்டலாம். கூடவே ஓட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்களில் மாட்டலாம். பழகிய சாரதி குதிக்க மாட்டான். வண்டி இனித் தேறாது என்று தெரிந்ததும், அது சாய்கிற பக்கமே தானும் சாய்ந்து ஏர்க்காலை முறுக்குவான். அந்த முறுக்கில் கச்சாத் தையல் பிரியும். பட்டை அறுந்தால் ஏர்க்கால் எழும்பும், இழுவை வாரின் கொக்கி கழன்றுகொள்ளும், குதிரை போய்விடும். குதிரை போன வண்டி அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். சாரதிக்குப் பட்டையின் மேல் இருக்கும் நம்பிக்கையில்தான் இத்தனையும் நடக்கிறது. நான் ஓட்டிய காலத்தில் அந்த ஒரு விரல் நூல் என்னைப் பலமுறை வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறது. எந்த ஊரில் பந்தயம் நடந்தாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடுவேன் என்று என் மனைவி சுபைதாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். காப்பாற்றியும் வந்தேன். அன்வர் பிறந்து சில வருடங்களில் ஓட்டுவதை விட்டேன். அவனுக்கு இருபது வயது ஆனபோது என் இடத்தில் அவன் ஏறினான். நான் தடுக்கவில்லை. என் ரத்தம் எனக்குத் தெரியாதா.

ஒரு குறை உண்டு. கவிழாத நேரத்திலும், பள்ளத்தில் சக்கரம் விழுந்து பலமாக வெட்டி இழுத்தால், கச்சாத் தையல் சில சமயம் பிரிந்துவிடும். பந்தயம் போய்விடும். குதிரைக்காரர்களுக்கு அதில் கோபம் வரும். அத்தா அதற்கெல்லாம் அசைய மாட்டார். "பந்தயம் அடுத்த மாசம் வரும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

கேலி

அன்வர் ஓட்டியது முத்தையா அண்ணனின் குதிரை. பேரையூர்ப் பக்கத்துக்காரர், வெங்காய வியாபாரி. மின்னி என்று பெயர் வைத்த ஒரு செந்நிறக் குதிரையை வளர்த்தார். வீட்டில் பெண்டு பிள்ளைகளைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார்.

விபத்துக்கு முந்தைய பந்தயத்தில் அன்வர் முதலில் வந்துகொண்டிருந்தான். எல்கையைத் தொட்டுத் திரும்பியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். ரோட்டோரம் பைப் போடத் தோண்டிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. கச்சாத் தையல் பிரிந்தது. மின்னி தனியாக ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியது. வண்டியும் அன்வரும் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

மைக்கில் அறிவிப்புச் செய்தவர் சும்மா விடவில்லை. "குதிரை வந்திருச்சு. சாரதி பின்னால டவுன் பஸ்ல வாராருங்க" என்றார். கூட்டம் சிரித்தது.

எங்களோடு எப்போதும் மோதும் செல்வம் என்ற சாரதி பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். கெட்டவன் இல்லை, வாய்தான் நிற்காது. "என்ன மாப்ள, ஊருக்கெல்லாம் ஒங்க அத்தா தச்சுக் குடுக்குறாரு, ஒனக்கு மட்டும் மிச்சத் தோல்லயா?"

"ஒனக்கும் அதே தோலுதாண்டா."

"எனக்கு அந்து போகலையே."

"நீ அந்து போற வேகத்துலயா ஓட்டுன?"

எல்லோரும் சிரித்தார்கள், அன்வரும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனவன் வெளியே வரவே இல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்து, பிசைந்து, எழுந்துவிட்டான். சுபைதா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அடுத்த பந்தயத்துக்குப் புதுப் பட்டை தைக்க உட்கார்ந்தேன். இடது பக்கம் வந்தது. பருத்தி நூல்கண்டு மேசையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. நைலான் ஊசியை நிறுத்தாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். போனதோடு, திரும்பி வந்து அதே துளைகளில் இன்னொரு வரிசையும் போட்டேன். மறதி இல்லை. யோசித்துத்தான் செய்தேன். என் மகன் இன்னொரு தடவை நடு ரோட்டில் குதிரையில்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவன் திறமைசாலி, கவிழ்க்க மாட்டான் என்று நினைத்தேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏற மாட்டான், அல்லது என் அத்தா வைத்த விதி இது என்று வாதாடுவான். சொல்லியிருந்தால் சக்கரம் ஏறியதும் குதித்திருப்பான். அந்தப் பந்தயத்தில் அவனுக்குப் பின்னால் வெகு தூரம் வரை வண்டியே கிடையாது.

பெற்ற பிள்ளைக்காகச் செய்தது என்று இதற்கு நானே பல நாள் பெயர் வைத்துப் பார்த்தேன். மைக்கில் கேட்ட கேலி என் காதிலும்தான் விழுந்தது. அதில் பாதி என் பெயருக்கு வந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ

காலில் கம்பி வைத்தார்கள். நிச்சயம் செய்திருந்த கல்யாணம் தள்ளிப் போனது. பெண் வீட்டார் நல்லவர்கள், காத்திருந்து முடித்துக் கொடுத்தார்கள். நிக்காஹ் அன்று அன்வர் ஊன்றுகோலை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பைக்கில் கூடவே வந்த யாரோ ஒருவர் விபத்தைச் செல்போனில் எடுத்திருந்தார். அது ஊர் ஊராகப் போயிற்று. அன்வருக்கும் வந்தது. படுக்கையில் கிடந்த காலத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஓட விடுவான், நிறுத்துவான், பின்னால் தள்ளுவான், மறுபடி ஓட விடுவான். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"இங்க பாருங்கத்தா. சக்கரம் ஏறுது. சாயுறேன். சரியா?"

"ம்."

"இந்த எடத்துல பாருங்க. இன்னும் ஒரு அரைச்சாண் சாஞ்சிருக்கணும். பயந்துட்டேன் போல. அதான் முறுக்கு பத்தல. பத்தியிருந்தா அந்துருக்கும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சரியாகச் சாய்ந்திருந்தான். அதற்கு மேல் ஒரு மனிதன் சாய முடியாது. கச்சாத் தையல் இருந்திருந்தால் அந்த முறுக்கில் பாதிக்கே பிரிந்திருக்கும். இழுவிசை, முறுக்குவிசை என்று பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

"என் தப்புத்தாங்கத்தா" என்றான்.

"விடு, ஆனது ஆயிருச்சு" என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். காலில் கட்டு இருக்கிறது, ஆறட்டும் என்று தள்ளினேன். ஆறியதும் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். அவன் லோடு ஆட்டோ ஓட்டத் தொடங்கியபின், இனிப் பந்தயமே இல்லை, எதற்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் பட்டறைக்கு ஆள் வரத்து கூடியது. அந்த வீடியோதான் காரணம். "பாய், அன்வருக்குத் தச்சிங்கள்ல, அறாத பட்டை, அதே மாதிரி ஒண்ணு" என்று கேட்டார்கள். என் மகன் கால் உடைந்த படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்றார்கள். செல்வமும் வந்து கேட்டான். நான் தைத்துக் கொடுத்தேன். ஒருவருக்குக் கச்சாப் போட்டுக் கொடுத்து அது எங்காவது அறுந்தால், அன்வருடையது மட்டும் ஏன் அறவில்லை என்ற கேள்வி வரும் என்று பயந்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்றத் தையல் போட்டுக்கொண்டே போனேன். அந்த நாட்களில் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகக் கால் வராது. ஆரப்பாளையத்திலிருந்து காளவாசல் வரை நடப்பேன், திரும்பி வருவேன். தெரிந்தவர்கள் சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று நினைத்தார்கள்.

சுபைதா சொன்னது

விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து முத்தையா அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம்.

"பாய், மின்னிக்கு இப்ப வேற ஒருத்தன ஏத்திப் பாத்தேன். அது அவன மனுசனாவே மதிக்கல. அன்வரு வந்து நின்னாத்தான் காத நிமுத்துது."

"கால் இன்னும் முழுசாச் சரியாகலண்ணே" என்றேன்.

"கால வச்சா ஓட்டப் போறான்? கைய வச்சுத்தான ஓட்டணும்."

அன்வர் உள்ளே இருந்து, "எப்பண்ணே பந்தயம்?" என்று கேட்டான். கேட்ட குரலிலேயே தெரிந்தது. அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மறுபடி வீடியோ ஓடத் தொடங்கியது. இப்போது அவன் பழுதைத் தேடவில்லை. பயிற்சி எடுத்தான். மர முக்காலியில் உட்கார்ந்து, திரையில் சக்கரம் ஏறும்போது அவனும் சாய்வான். முன்பைவிடக் கூடுதலாக, முன்பைவிட அதிக நேரம். "இந்தத் தடவ பதறக் கூடாது. அந்து போற வரைக்கும் சாஞ்சே இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நான் விட்டுவைத்த பொய் அவன் உடம்புக்குள் இறங்கிவிட்டது. ஏதாவது காரணத்தால் பட்டை அறாவிட்டால், கடைசி நொடியில் குதிக்க வேண்டிய இடத்தில்கூட அவன் சாய்ந்தே இருப்பான்.

புதுப் பட்டையில் கச்சாத் தையல் போட்டேன். அது போதும் என்று மனம் சொன்னது. போதாது என்றும் சொன்னது. ஒரு மத்தியானம் சுபைதா முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. கையிலிருந்த மீனை அரிந்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? காலு என்னோடதா?"

"எப்பிடிச் சொல்றதுன்னு..."

"எங்கிட்ட இப்ப எப்பிடிச் சொன்னீங்க? அப்பிடித்தான்."

"அவன் என்னய மன்னிக்க மாட்டான்."

"மன்னிக்க மாட்டான்தான். நான் மன்னிச்சுட்டேன்னு யாரு சொன்னா?" என்றாள். மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு நின்று, "அவன் வண்டியில ஏறுறதுக்கு முந்திச் சொல்லிருங்க. ஏறுனப்புறம் சொல்லாதீங்க" என்றாள்.

பூட்டிய பட்டையை அவிழ்த்தது

நான் கோழை. பந்தய நாள் காலை வரை சொல்லவில்லை.

பேரையூர் ரோட்டில் வண்டிகள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. மைக் அலறியது. முத்தையா அண்ணன் மின்னியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்வர் குனிந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, வயிற்றுப் பட்டையைப் பூட்டினான். வழக்கம்போல் அதைப் பார்க்கவில்லை. விரல் பழக்கத்தில் பக்கிளைப் போட்டான்.

"அத்தா, துஆ செய்யுங்க. இந்தத் தடவ கடைசி வரைக்கும் சாஞ்சே நிப்பேன்."

"நிக்காத" என்றேன்.

"என்னத்தா?"

"போன தடவ அந்தப் பட்டையில கச்சா போடல."

அவன் மின்னியின் கழுத்தில் கை வைத்தபடி நிமிர்ந்தான்.

"மறந்துட்டீங்களா?"

அப்போதும் எனக்கு ஒரு வழி திறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மறக்கல. வேணும்னுதான் போடல. ஒன்னய எல்லாரும் சிரிச்சாங்கன்னு நைலான்ல ரெண்டு வரிச போட்டேன். ஒங்கிட்ட சொல்லல."

"அப்ப நான் சாஞ்சது?"

"சரியாத்தான் சாஞ்ச."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது அது இல்லை. கணக்கு ஒன்று தப்பாகவே வந்துகொண்டிருந்தவனுக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது முகம். அதன் பிறகுதான் மாறியது.

"ரெண்டு வருசமா அந்த வீடியோவப் பாத்தேன். பக்கத்துல ஒக்காந்து நீங்களும் பாத்தீங்க."

"ஆமா."

"என் தப்புன்னேன். விடுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவன் மின்னியின் வயிற்றுக்குக் கீழே பார்த்தான்.

"இதுல?"

"போட்டுருக்கேன். பருத்தி நூலு. அல்லா மேல ஆணையா."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

மடிப்புக்கு உள்ளே இருக்கும் நூலை வெளியிலிருந்து யாராலும் காட்ட முடியாது. பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் பட்டை போய்விடும்.

அன்வர் பக்கிளைக் கழற்றினான். மின்னியை ஏற்றிக்கொண்டு வந்த மினி லாரியின் பின்கொக்கியில் பட்டையின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கால் ஊன்ற வரவில்லை. நான் போய் அவன் கைக்கு முன்னால் பிடித்தேன். இருவருமாக இழுத்தோம்.

முத்தையா அண்ணன் ஓடி வந்தார். "ஏம்பாய், என்ன செய்றீக? பேரு கூப்புடப் போறாங்க. அன்வரு, டேய், விடுடா."

விடவில்லை. பிரிந்தது. இடது பக்கம், பக்கிளுக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளம். இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பிய்ந்த பருத்தி இழைகள் மடிப்புக்கு வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. அன்வர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். தலையை ஆட்டினான். பட்டையை என் மடியில் போட்டான்.

செல்வம் தன் வண்டியிலிருந்தே எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ள, அந்து போச்சா? எங்கிட்ட மாத்துப் பட்டை இருக்கு, தரவா?"

"யாரு தச்சது?" என்று கேட்டான் அன்வர்.

"ஒங்க அத்தாதான். வேற யாரு."

அன்வர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து செல்வத்தின் வண்டிக்குப் போனேன். பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"தம்பி, மாத்துப் பட்டையிலயும் கச்சா இல்ல, நீ இப்பப் பூட்டியிருக்கிறதுலயும் இல்ல. சாஞ்சா அறாது. சக்கரம் ஏறுனா குதிச்சிரு."

செல்வத்தின் வாய் முதல் தடவையாக நின்றது. பிறகு, "நாந்தான் அறாத பட்டை கேட்டேன்" என்றான் மெதுவாக.

"நீ கேட்டது தப்பில்ல. நான் குடுத்தது தப்பு."

மைக்கில் முத்தையா அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பட்டையில்லாத குதிரை ஓரமாக நின்றது. கொடி விழுந்தது, வண்டிகள் போயின. புழுதி அடங்குவதற்கு வெகு நேரம் ஆனது. செல்வம் மூன்றாவதாக வந்தான். வழியில் எங்கேயும் முந்தப் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"பந்தயத்தன்னைக்கா பாய் ஒங்க வீட்டுப் பஞ்சாயத்து?" என்றார் முத்தையா அண்ணன். விஷயம் தெரிந்ததும் மின்னியை லாரியில் ஏற்றப் போய்விட்டார். திரும்பும்போது அன்வர் முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் மின்னியோடு நின்றுகொண்டே முத்தையா அண்ணனின் ஊர் வரை வந்தான்.

வெள்ளை நூல்

பல வாரங்கள் அவன் என்னிடம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். அவன் மனைவி எனக்குத் தட்டு வைப்பாள், சுபைதா எதிரில் உட்காருவாள், அவன் நான் எழுந்தபின் வருவான்.

ஒரு நாள் லோடு ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள் வந்தான். மேசையில் பாதி தைத்த பட்டை ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தான்.

"உள்ள வச்சுத் தச்சா யாருக்குத் தெரியும்? வெளிய வச்சுத் தைங்க. மெழுகு போடாதீங்க. வெள்ள நூலா இருக்கட்டும். ஏறுறவன் கண்ணால பாத்துட்டு ஏறட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் பட்டறையில் கச்சாத் தையல் வெளியேதான் போடப்படுகிறது. இடது பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கறுப்புத் தோலில் பார்க்க அழகாக இல்லை. சிலர் அதைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நான் கொடுத்த கெட்ட பட்டைகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன். ஊசியையும் நூல்கண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து நைலானைப் பிரித்து, பருத்தி போட்டுக் கொடுப்பேன். செல்வம் தன் இரண்டையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். ஒருவர், "நல்லாத்தான பாய் இருக்கு, நல்லத ஏன் பிரிக்கிறீங்க" என்று கொடுக்கவே மறுத்தார். மூன்றாவது தடவை போனபோது சலித்துப்போய்க் கொடுத்தார். இரண்டு பட்டைகள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் குதிரையோடு சேர்த்து விற்றுவிட்டார்கள். யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. அதனால் எந்த ஊரில் பந்தயம் என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடுகிறேன். வரிசையில் நிற்கும் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே ஒரு கிழவன் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனால், அது நான்தான். விரட்ட வேண்டாம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

தைக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த இடத்தில் அறுந்து போக வேண்டும் என்று தீர்மானித்துத் தைக்கிறோம். அந்த இடத்தை மாற்றினால், மாற்றியதை ஏறுகிறவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் உங்கள் பிள்ளையாக இருந்தால் இன்னும் முன்னதாகவே சொல்லுங்கள். ஓட்டுகிற பிள்ளைகள் வெள்ளை நூலைப் பார்க்காமல் ஏற வேண்டாம்.

அன்வர் இப்போது மின்னியை ஓட்டுகிறான். என் பட்டைதான் பூட்டுகிறான். பூட்டுவதற்கு முன் வெள்ளைத் தையலை நகத்தால் கீறிப் பார்ப்பான். பிறகு பட்டையை இரண்டு கையிலும் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். நான் எதிரில்தான் நிற்பேன். முன்பெல்லாம் பார்க்காமலே பூட்டுவான்.